30 கிலோவாட் சோலார் போடுமுன் இரவு ஒரு மணிக்கு மொட்டைமாடிக்குப் போங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக எங்கள் தொடர்மாடி. கீழே வாகனத் தரிப்பிடம், மேலே எட்டு மாடி, 32 வீடுகள், சுமார் 110 பேர். கட்டி 25 வருடத்துக்கு மேலாகிறது. பொது மீட்டரில் மாதம் 3,400 அலகு கரண்ட் ஓடுகிறது. நடைவழியில் 64 ரியூப்லைட். ஜன்னல் இல்லாததால் இரவு பகலாக எரிகின்றன. தண்ணீருக்கு முழுக் கட்டடத்துக்கும் ஒரே மீட்டர், போன மாதம் 780 அலகு. பராமரிப்புக் காசு இந்த இரண்டு பில்லுக்குமே போய்விடுகிறது. ஒரு முகவர் வந்து, 30 கிலோவாட் சோலார் போட்டால் பில் பூச்சியம், அரச மானியமும் எடுத்துத் தருகிறேன் என்கிறார். குழுவில் ஒருவர், ரொறன்ரோவில் தன் தம்பி இருக்கிற கட்டடத்துக்கு லைட் மாற்றவே காசு கொடுத்தார்களாம், இங்கும் அப்படி ஏதாவது இருக்கும், விசாரியுங்கள் என்கிறார். எங்கே தொடங்குவது?
— முகாமைத்துவக் கூட்டுத்தாபனச் செயலாளர், கொழும்பு 6

பதில்: முகவருக்கு 30 கிலோவாட் எப்படி வந்தது என்பது எளிதாகப் புரிகிறது. கொழும்பு வெயிலில் ஒரு கிலோவாட் சோலார் மாதம் 110 முதல் 120 அலகு தரும். 3,400ஐ 115ஆல் பிரித்தால் 30. அவர் உங்கள் பில்லைப் பார்த்திருக்கிறார், கட்டடத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்தே சொல்லலாம், அந்த 3,400இல் பாதிக்கு மேல் செலவாக வேண்டிய மின்சாரமே அல்ல. வீணாவதை நிறுத்தாமல் அதே அளவுக்குச் சோலார் போடுவது, ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டுகிற வேலை.

முதலில் நடைவழி லைட். பழைய 36 வாட் ரியூப் ஒன்று, அதன் இரும்புப் பலஸ்ட் (சோக்) குடிப்பதையும் சேர்த்தால் 45 வாட். 64 ரியூப், 24 மணி நேரம், 30 நாள்: ஏறக்குறைய 2,070 அலகு. 18 வாட் எல்.இ.டி.க்கு மாற்றினாலே இது 830 ஆகும். மூன்றில் ஒன்றை எப்போதும் எரியவிட்டு, மற்றவற்றை ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சரில் விட்டால் 420 அளவில் வந்து நிற்கும். மாதம் 1,650 அலகு மிச்சம். 14 கிலோவாட் சோலார் தருகிற அளவு இது. கூரையில் ஓர் ஆணிகூட அடிக்கத் தேவையில்லை.

இதில் பிழை போவது பல்பில் அல்ல, பொருத்துகிற விதத்தில். பழைய பெட்டிக்குள் பலஸ்டை அப்படியே விட்டுவிட்டு எல்.இ.டி. ரியூபைச் செருகினால் பலஸ்ட் தன் பங்குக்குத் தொடர்ந்து மின்சாரம் குடிக்கும். பலஸ்டைக் கழற்றி நேரடியாக வயர் பண்ணினால், ரியூபில் மின்சாரம் ஒரு முனையில் ஏறுகிற வகையா இரு முனைகளிலும் ஏறுகிற வகையா என்று பார்த்துத்தான் பண்ணவேண்டும். மாறிப்போனால் செருகிய நொடியில் வெடிக்கலாம். 25 வருட ஹோல்டர்கள் கையில் எடுத்தாலே உதிரும். எனவே பெட்டியோடு முழுதாக மாற்றிவிடுங்கள். வாங்கும்போது பவர் ஃபக்டர் (இழுக்கிற மின்சாரத்தில் உண்மையில் பயன்படுகிற பங்கு) 0.9க்கு மேல் என்று பெட்டியில் அச்சடித்ததை மட்டும் எடுங்கள். மலிவுச் சரக்கில் அது 0.5 அளவில் கிடக்கும். அதனால் உங்களுக்கு என்ன நட்டம் என்பதைப் பில் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

சென்சரில் இரண்டு வகை. உடற்சூட்டை உணர்வது, மைக்ரோவேவ். உடற்சூட்டுச் சென்சர், வெயில் ஏறிச் சுவரும் ஆளும் ஒரே சூட்டில் இருக்கிற மத்தியானத்தில் மந்தமாகும். தன்னை நோக்கி நேரே வருகிறவரைவிடக் குறுக்கே கடக்கிறவரைத்தான் அது நன்றாகப் பிடிக்கும். ஆகவே நடைவழியின் நுனியில் வைக்காமல் லிப்ட் வாசலுக்குக் குறுக்காக வையுங்கள். மைக்ரோவேவ் மெல்லிய கதவையும் ஊடுருவும். வீட்டுக்குள் யாரோ நடந்தால் வெளியே லைட் எரியும், ஆகவே உணர்திறனைக் குறைத்து வைக்கவேண்டும். ஒரு சென்சரில் பத்துப் பன்னிரண்டு லைட்டைத் தொங்கவிட்டால், எல்.இ.டி. எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கிற மின்னோட்டத்தில் உள்ளே உள்ள ரிலே என்கிற சுவிட்ச் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு லைட் அணையவே அணையாது, ஒருவரும் கவனிக்கவும் மாட்டார்கள். ஐந்தாறோடு நிறுத்துங்கள். அணையும் நேரம் மூன்று நிமிடமாவது இருக்கட்டும். 30 விநாடி வைத்தால் ஒரு வாரத்துக்குள் யாராவது சென்சரில் டேப் ஒட்டிவிடுவார்கள். தீ அபாயப் படிக்கட்டில் முழுதாக அணைகிற சென்சர் வேண்டாம், மங்கி ஒளிர்கிற வகை போடுங்கள்.

இனித் தண்ணீர். 780 அலகு என்றால் 780,000 லீற்றர். 110 பேருக்கும் 30 நாளுக்கும் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 236 லீற்றர். ஒழுக்கில்லாத தொடர்மாடியில் 150 லீற்றர் தாராளம். அதாவது மாதம் சுமார் 285 அலகு எங்கோ போகிறது. எங்கே என்று கண்டுபிடிக்க எந்த நிறுவனத்தையும் கூப்பிட வேண்டாம். ஒரு டோர்ச், ஓர் அளவு நாடா, தூக்கம் வராத இரண்டு பேர் போதும்.

இரவு 12.45க்கு மேல்தாங்கியை நிரப்பிப் பம்பை அணையுங்கள். கீழ்த்தாங்கிக்கு நீர் வழங்கல் சபையின் தண்ணீர் வருகிற வால்வையும் பூட்டுங்கள். 1, 2, 3, 4 மணிக்கு இரண்டு தாங்கியிலும் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். உங்கள் மேல்தாங்கி 4 மீற்றருக்கு 3 மீற்றர் என்று வைத்துக்கொண்டால் ஒரு சென்ரிமீற்றர் இறங்குவது 120 லீற்றர். ஊர் உறங்குகிற நேரத்தில் மணிக்கு ஒன்று இறங்குவது இயல்பு. ஒவ்வொரு மணிக்கும் தவறாமல் மூன்று, நான்கு என்று இறங்கினால் காணாமல் போகிற 285 அலகும் வீடுகளுக்குள்தான் போகிறது. மேல்தாங்கி ஆடாமல் நின்று கீழ்த்தாங்கி இறங்கினால் தாங்கியில் வெடிப்பு. இரண்டும் இறங்காமல், வால்வு பூட்டிய பிறகும் சபை மீட்டரின் சின்ன நட்சத்திரச் சக்கரம் சுழன்றால், மீட்டருக்கும் தாங்கிக்கும் இடையில் நிலத்தடிக் குழாய் ஒழுகுகிறது. எல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது மிதவை வால்வு: சரியாக மூடாமல், மிகுநீர்க் குழாய் வழியாகச் சத்தமில்லாமல் வடிகானுக்குள் விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் குழாயின் வாய் எங்கே முடிகிறது என்பது பல கட்டடங்களில் ஒருவருக்கும் தெரியாது. தேடிப் பார்த்து, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விழும்படி மாற்றுங்கள்.

கீழ்த்தாங்கி ஒரு மட்டம் வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் சந்தோஷப்பட வேண்டாம். வெளியே நிலத்தடி நீர் நிற்கிற மட்டம் அதுவாக இருக்கலாம். வெளியே போகிற வெடிப்பால் உள்ளேயும் வரும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்பும், பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் இருந்தால் அதுவும். அப்படிக் கண்டால் வேறெதையும் பார்க்காமல் முதலில் தாங்கியைக் காலியாக்கித் திருத்துங்கள்.

வீடுகளுக்குள் என்றால் குற்றவாளி பெரும்பாலும் கொமட்டின் சிஸ்டர்ன். கேசரிக்குப் போடுகிற நிறப் பவுடரைச் சிஸ்டர்னுக்குள் கொஞ்சம் போட்டு, பதினைந்து நிமிடம் ஒருவரும் ஃபிளஷ் பண்ணாமல் விட்டுப் பாருங்கள். கொமட்டில் நிறம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது, அல்லது மேலே தண்ணீர் நிற்காமல் உள்குழாயால் வழிகிறது. கண்ணுக்குப் படாத ஒழுக்குத்தான். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்றால் நாளைக்கு 288 லீற்றர், மாதம் எட்டரை அலகு. 32 வீட்டில் இரண்டிரண்டு கொமட் இருந்து, அவற்றில் பாதி இப்படி ஒழுகினால் கணக்கு முடிந்தது. ஒரே சனிக்கிழமையில் எல்லா வீட்டையும் சோதித்து, வாஷரை மொத்தமாக வாங்கிக் கூட்டுத்தாபனச் செலவிலேயே மாற்றிவிடுங்கள். அவரவர் மாற்றட்டும் என்று விட்டால் நடக்காது. ஒரே மீட்டர் உள்ள கட்டடத்தில் தன் ஒழுக்கின் 32இல் ஒரு பங்கைத்தான் ஒவ்வொருவரும் கட்டுகிறார்.

அப்படியானால் வீட்டுக்கொரு மீட்டர் பூட்டலாமே என்று குழுவில் நிச்சயம் ஒருவர் கேட்பார். உங்கள் காலத்துக் கட்டடங்களில் சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று தனித்தனிக் குழாய்கள் மேலிருந்து இறங்கும். ஒரு வீட்டுக்கே மூன்று மீட்டர் வேண்டிவரும். வாஷருக்குப் பிறகும் 780 குறையாவிட்டால் அப்போது யோசியுங்கள்.

சிஸ்டர்னை மட்டும் புது 6 லீற்றர் வகைக்கு மாற்றிப் பழைய கொமட்டை வைத்திருப்பது ஆகாது. 9 லீற்றருக்கு வடித்த கொமட் 6இல் சரியாகக் கழுவாது. இரண்டு தரம் இழுப்பார்கள், அல்லது குழாய் அடைக்கும். மாற்றினால் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும்.

அழுத்தமும் கவனிக்கவேண்டியது. மேல்தாங்கியிலிருந்து முதல் மாடிக்கு 27 மீற்றர் உயரம் என்றால் அங்கே 2.7 பார் இருக்கும். எட்டாம் மாடியில் அரை பார்கூட வராது. கீழ் நான்கு மாடிக்கும் இறங்குகிற குழாய்களில் அழுத்தம் குறைக்கும் வால்வு வைத்து 1.5 பாருக்குக் கொண்டுவந்தால், அதே குழாயை அதே அளவு திறந்தாலும் கால்வாசி வரை தண்ணீர் குறைவாக வரும், சிஸ்டர்ன் வால்வுகள் இரவில் கசிவதும் குறையும். வால்வுக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். இல்லாவிட்டால் தாங்கி மண் அதன் இருக்கையில் உட்கார்ந்து ஒரு வருடத்தில் வேலை முடியும். குழாய் நுனியில் பூட்டுகிற காற்றுக் கலப்பியைக் கீழ் மாடிகளுக்கு மட்டும் கொடுங்கள். மேல் மாடிகளில் அதைப் பூட்டினால் நூலாகத்தான் விழும். உடனடி வெந்நீர்க் கருவி இருக்கிற ஷவரில் ஓட்டத்தைக் குறைத்தால் கருவி ஒன் ஆகாது.

பம்பைச் சோதிக்க அதே அளவு நாடாவும், வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கிற ஒரு கிளாம்ப் மீட்டரும் போதும். மேல்தாங்கி 50 சென்ரிமீற்றர் ஏற எவ்வளவு நேரம் என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக 30 நிமிடம் என்றால், 6,000 லீற்றர் அரை மணியில். மணிக்கு 12 அலகு தண்ணீர். அப்போது மோட்டார் ஒவ்வொரு பேஸிலும் 9 அம்பியர் இழுத்தால் சுமார் 5.3 கிலோவாட். ஓர் அலகு தண்ணீரை ஏற்ற 0.44 அலகு மின்சாரம். 35 மீற்றர் உயரத்துக்கு இயற்கை கேட்பது 0.095தான், நல்ல பம்பு செட் 0.2இல் முடிக்கும். 0.35ஐத் தாண்டினால் பம்பு தேய்ந்துவிட்டது, அல்லது உயரத்துக்குப் பொருந்தாத பெரிய பம்பை யாரோ வாங்கிப் போட்டிருக்கிறார்கள். 780 அலகை 0.44இல் ஏற்றுவதற்கு மாதம் 343 அலகு மின்சாரம். ஒழுக்கடைத்து 500 ஆக்கி 0.2இல் ஏற்றினால் 100. வாஷர் மாற்றுகிறவர் கரண்ட் பில்லையும் குறைக்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான். பம்பு புதிதாக வாங்கும்போது குதிரைவலுவைச் சொல்லி வாங்காதீர்கள். 35 மீற்றரில் மணிக்கு எத்தனை லீற்றர், அந்தப் புள்ளியில் வினைத்திறன் எத்தனை வீதம் என்று தயாரிப்பாளர் தருகிற பம்பின் வளைகோட்டில் காட்டச் சொல்லுங்கள். மேல் மாடிகளுக்குச் சின்ன பூஸ்டர் பம்பு இருந்து, குழாய் திறக்கும்போதெல்லாம் அது டக் டக்கென்று விட்டுவிட்டு ஓடினால், கூட இருக்கிற அழுத்தக் கலனில் காற்று இறங்கிவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டு, பம்பு தொடங்கும் அழுத்தத்துக்கு 0.2 பார் கீழே காற்றடிக்கவேண்டும். வாகனச் சில்லுக்கு அடிக்கிற பம்பே போதும்.

இப்போது பில். கையில் எடுத்து, அலகுகள் பகல், உச்சம், குறைந்த நேரம் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறதா என்று பாருங்கள். பிரித்திருந்தால், அதோடு கேவிஏ கட்டணம் (ஒரே நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறீர்கள் என்பதற்கான கட்டணம்) என்று தனி வரியும் இருந்தால், நீங்கள் 42 கேவிஏக்கு மேற்பட்ட ஜீ.பி. 2 என்கிற கட்டண வகை. மாலை 6.30 முதல் 10.30 வரை உச்சம், 10.30 முதல் அதிகாலை 5.30 வரை மலிவு. பம்பு உச்ச நேரத்தில் ஓடாதபடி டைமர் போடுங்கள். நாளுக்கு 16,000 லீற்றர் தேவை என்றால், அந்த நான்கு மணி நேரத்துக்கு 5,000 லீற்றர் தாராளம், உங்கள் தாங்கிக்கு அது தாங்கும். மட்டம் அபாயத்துக்கு இறங்கினால் டைமரை மீறிப் பம்பை ஓடவைக்கிற மிதவைச் சுவிட்ச் இருக்கவேண்டும். தீயணைப்புக்கு ஒதுக்கிய நீரில் கைவைக்கவும் கூடாது. பற்றரி இல்லாத டைமர் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் பின்தங்கி, கடைசியில் உச்ச நேரத்திலேயே பம்பை ஓடவிடும். மூன்றாகப் பிரிக்காத பில் என்றால் டைமருக்குக் காசு செலவழிக்க வேண்டாம்.

கேவிஏ கட்டணம் மாதத்தில் மிக அதிகமாக இழுத்த ஒரு 15 நிமிடத்துக்கு. வாரந்தோறும் தீயணைப்புப் பம்பைப் பரீட்சித்துப் பார்க்கும்போது தண்ணீர்ப் பம்பும் இரண்டு லிப்டும் ஓடிக்கொண்டிருந்தால், அந்தக் கால் மணி நேரம் மாதம் முழுவதற்கும் விலை வைக்கும். பரீட்சையை விடக்கூடாது, அந்த நேரம் தண்ணீர்ப் பம்பை நிறுத்திவைத்தால் போதும். மலிவு எல்.இ.டி. பற்றி மேலே சொன்னதும் இதற்காகத்தான்: பவர் ஃபக்டர் குறைந்தால், அதே வாட்டுக்குக் கேவிஏ கூடும்.

மானியத்துக்கு வருகிறேன். ரொறன்ரோ கதை உண்மை. ஒன்ராறியோவில் சேவ் ஒன் எனர்ஜி என்ற திட்டத்தில் தொடர்மாடிகளுக்கும் லைட், மோட்டார் மாற்ற ஊக்கத்தொகை உண்டு. வேலை தொடங்குமுன் விண்ணப்பித்து அனுமதி எடுத்திருக்கவேண்டும் என்பது அங்கே முதல் விதி. புது மின்நிலையம் கட்டுவதைவிட உங்கள் பல்பை மாற்றுவது மலிவு என்பது அவர்கள் கணக்கு. இங்கே ஊக்கம் வேறு வடிவில் வருகிறது. உச்ச நேரம், கேவிஏ என்று கட்டண அமைப்பே உங்களைத் தள்ளுகிறது. 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமய திட்டத்தின் வழியே கூரைச் சோலாரின் உபரியை விலைக்கு வாங்குகிறார்கள். வருமானவரியில் சோலாருக்கு ஆண்டுக்கு 6 லட்சம் ரூபா வரை கழிவு உண்டு. ஆனால் அது தனிநபருக்கு; கையில் வருகிற காசும் அல்ல. வரிக்குட்பட்ட வருமானத்தில் கழிகிற தொகை என்பதால், 36 வீதம் கட்டுகிறவருக்குக்கூட ஆண்டில் 216,000 ரூபாதான் மிச்சம். பொது மீட்டருக்காகக் கூட்டுத்தாபனம் வாங்குகிற சோலாருக்கு அதைச் சொல்லி முகவர் விற்றால் நம்பவேண்டாம். வேறு அரச மானியம் என்றால் எந்த வர்த்தமானி, என்ன திகதி என்று எழுத்தில் கேளுங்கள்.

வங்கிக் கடனும் ஒரு வழி. கூட்டுத்தாபனம் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி சட்ட ஆளுமை உள்ள அமைப்பு, அதனால் கடன் கேட்கலாம். பொதுக்கூட்டத் தீர்மானமும் ஒழுங்கான கணக்கும் கேட்பார்கள். ஈடு வைக்கச் சொத்து இல்லாததால் தயங்குவார்கள். லைட்டுக்கும் வாஷருக்கும் கடனே தேவையில்லை. அவை தரும் மிச்சத்தைத் தனிக் கணக்கில் போட்டுப் பம்புக்கு எடுங்கள். சக்தித் தணிக்கை வேண்டுமென்றால் நிலைபெறுதகு வலு அதிகாரசபையில் பதிந்த ஒருவரைப் பிடியுங்கள். சோலார் விற்கிறவர் இலவசமாகச் செய்து தருகிற தணிக்கையின் முடிவு எப்போதும் சோலார்தான்.

மழைநீரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூட்டத்தில் வரும். கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது. 300 சதுர மீற்றர் கூரையில் பெரும் தண்ணீர்தான். பழைய கட்டடத்தில் கொமட்டுகளுக்கு இரண்டாவது குழாய் இழுப்பது கட்டுப்படியாகாது. வாகனம் கழுவ, செடிக்கு, காவலாளியின் கழிப்பறைக்கு என்று கீழ்த்தளத்தோடு நிறுத்துங்கள். முதலில் விழும் 150 லீற்றரை வெளியே விட்டுவிட்டு, தாங்கியின் ஒவ்வொரு வாய்க்கும் நுளம்பு வலை அடியுங்கள். டெங்கு பரிசோதகர் வந்து வழக்குப் போட்டால் மிச்சமெல்லாம் அங்கே போகும்.

சோலார் வேண்டாம் என்று சொல்லவில்லை, கடைசியில் போடுங்கள். லைட்டும் பம்பும் முடிந்தால் உங்கள் பொது மீட்டர் 1,500 அலகில் நிற்கும். 13 கிலோவாட் போதும். அதற்கு மேல் போடுவது விற்பதற்கு, அந்த விலை காலத்துக்குக் காலம் மாறுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலாரைப் பகலில் அணைத்து வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டதும் நினைவிருக்கட்டும். கேவிஏ குறைந்துவிட்டது என்று உங்கள் மின் இணைப்பு ஒப்பந்தத்தில் எழுதிய கேவிஏ அளவை உடனே குறைத்துவிடாதீர்கள்; சோலாரின் அளவு அந்த ஒப்பந்த எண்ணைத் தாண்ட முடியாது. முதலில் சோலார் அனுமதி, பிறகு மற்றது.

கடலுக்கு இவ்வளவு கிட்ட என்றால் தாங்குசட்டம் அனோடைஸ் அலுமினியம், ஆணிகள் 316 தரத் துருவேறா உருக்கு என்று விலைமனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். நாகம் பூசிய இரும்பு மூன்று நான்கு வருடத்தில் சிவக்கும். மொட்டைமாடியின் நீர்த்தடுப்புப் பூச்சு எப்போது போட்டது என்று பார்த்து, பழையதென்றால் அதை முடித்துவிட்டே பலகை ஏற்றுங்கள். ஏற்றும்போது துளையிடாமல் கொங்கிரீட் பாரத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், அந்தப் பாரத்தைக் கூரை தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியியலாளரின் கடிதமும் வேண்டும். மொட்டைமாடி எல்லா உரிமையாளருக்கும் பொதுவானது என்பதால் பொதுக்கூட்டத் தீர்மானம் இல்லாமல் குழு மட்டும் கையொப்பமிட முடியாது. ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள்: பத்து வருடத்தில் எட்டாம் மாடி ஒழுகினால் பலகைகளை இறக்கித் திரும்ப ஏற்றுவது யார் செலவு என்று.